ஆள் நிற்கவில்லையா? பனியன் கம்பெனிகள் எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்கு வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஆர்டர், நூல் விலை என்று கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் "ஆள்தாங்க நிக்கறதில்ல" என்பதில் வந்து முடியும். வாசலில் தொங்கும் "டைலர் தேவை, செக்கிங் தேவை" அட்டையை யாரும் கழற்றுவதில்லை. சரி, போன மூன்று மாதத்தில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள், அதில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்ப்பார், சூப்பர்வைசர் தையல் மெஷின் லைனைப் பார்ப்பார்.

இந்த வழிகாட்டி 50 முதல் 500 பேர் வரை வேலை செய்யும் பின்னலாடை யூனிட்டில் ஆள் கணக்கைப் பார்ப்பவர்களுக்கானது. முக்கியமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "இந்த ஆண்டு வெளியேற்றத்தை (ஆட்கள் வேலையை விட்டுப் போவதை) 20 சதவீதம் குறைப்போம்" என்று மொத்தக் கணக்கில் வைக்கும் இலக்கு பெரும்பாலும் வீண். அந்த எண்ணை அசைக்க யார் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. புதிதாகச் சேருகிறவரின் முதல் 90 நாளைப் பிடியுங்கள்; மொத்த எண் தானாக இறங்கும். எப்படி என்று கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

1. யாரைப் 'போனவர்' என்று எழுதுவது?

கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நம் ஊரில் டைலர் யாரும் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் போவதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்குவார், திங்கட்கிழமை மெஷின் காலியாக இருக்கும். அவர் ஒரு வாரம் கழித்து வந்தாலும் வருவார். பக்கத்துக் கம்பெனியில் அர்ஜென்ட் ஆர்டர் முடிந்ததும் வந்தாலும் வருவார். ஆகவே ஒரு விதியை எழுதி ஒட்டிவிடுங்கள். நான் சொல்வது இது: தகவல் இல்லாமல் 10 வேலை நாள் வராதவர் போனவர். போன தேதி என்பது அவர் கடைசியாக வேலை பார்த்த நாள். ரிஜிஸ்டரில் பெயரை அடித்த நாள் அல்ல.

சொல்லிவிட்டு ஊருக்குப் போகிறவருக்குத் தனிக் கட்டம் போட்டு, திரும்பி வருவதாகச் சொன்ன தேதியை எழுதுங்கள். அந்தத் தேதி தாண்டி 10 வேலை நாள் ஆனால் அவரும் போனவர்தான். போனவர் திரும்பி வந்தால் புதிதாகச் சேர்ந்தவராக எழுதி, பக்கத்தில் 'மறுவரவு' என்று குறியுங்கள். இந்தக் குறி பின்னால் ரொம்பவே உதவும். நிர்வாகமே நிறுத்தியவர்களையும், ஓய்வு பெற்றவர்களையும், இறந்தவர்களையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

காண்ட்ராக்ட் ஆட்கள்? அவர்களையும் எண்ணுங்கள். "அவங்க காண்ட்ராக்டர் ஆளுங்க, நம்ம கணக்கில்ல" என்று ஒதுக்கினால், தையல் லைன் முழுக்க காண்ட்ராக்டில் ஓடும் யூனிட்டில் எண்ணுவதற்கு வாட்ச்மேனும் அக்கவுண்டண்டும்தான் மிஞ்சுவார்கள்.

வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப். கணக்கில் ஏற்றிய வெளியேறிய தேதி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சண்டை வந்தால் வருகைப் பதிவை நம்புங்கள்.

2. மொத்த எண்ணை எடுங்கள், உடனே அதை உடையுங்கள்

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஓர் ஆண்டில் போனவர்களின் எண்ணிக்கையை அந்த ஆண்டின் சராசரி ஆள் பலத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். சராசரிக்கு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இருந்த ஆட்களைக் கூட்டி 12-ஆல் வகுத்தால் போதும்.

கணக்குக்காக ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். சராசரி ஆள் பலம் 200. ஓர் ஆண்டில் 180 பேர் போனார்கள், 180 பேர் சேர்ந்தார்கள். விகிதம் 90 சதவீதம். கேட்டதும் முதலாளி தலையில் கை வைப்பார். ஆனால் அந்த 180 பேரும் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. எத்தனை நாள் வேலை பார்த்துவிட்டுப் போனார்கள் என்று பிரித்தால் படம் மாறும்: 90 நாளுக்குள் போனவர்கள் 108, மூன்று மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில் 27, ஒரு வருடம் தாண்டியவர்கள் 45.

அதாவது புதிதாக வந்த 180 பேரில் 72 பேர்தான் 90 நாளைத் தாண்டினார்கள். தங்கும் விகிதம் 40 சதவீதம். இதை மட்டும் 60 ஆக்கினால் என்ன ஆகும்? 90 நாளைத் தாண்டிய அதே 72 பேர் கிடைக்க 120 பேரைச் சேர்த்தால் போதும். அதில் 48 பேர் ஆரம்பத்திலேயே போவார்கள். பழைய கணக்கில் 90 நாள் தாண்டிப் போன 72 பேரும் (27 + 45) வழக்கம்போல் போவார்கள். மொத்தம் 120. விகிதம் 90-லிருந்து 60-க்கு இறங்கிவிட்டது. பழைய ஆட்கள் விஷயத்தில் எதையும் மாற்றவில்லை.

மிச்சமாகும் 60 ஆள்சேர்ப்புக்கும் விலை உண்டு. புரோக்கர் கமிஷன், ரயில் செலவு, முதல் வாரச் சாப்பாடு, ரூம் அட்வான்ஸ், வேலை பழகும்வரை தரும் கூலி, ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பும் பீஸ், காலியாகக் கிடக்கும் ஓவர்லாக் மெஷின் எல்லாவற்றையும் உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்துக் கூட்டுங்கள். ஒரு ஆளுக்கு 7,000 ரூபாய் என்று வந்தால் 60 பேருக்கு 4,20,000 ரூபாய். முதலாளியிடம் பணம் கேட்கப் போகும்போது சதவீதத்தைச் சொல்லாதீர்கள், இந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

அடுத்து அதே 108 பேரைப் பிரிவுவாரியாக, லைன்வாரியாக, மாதவாரியாக, யார் மூலம் வந்தார்கள் என்ற வாரியாக உடையுங்கள். ஒரே ஷெட்டில் ஒரே கூலிக்கு ஓடும் இரண்டு லைனில் ஒன்றில் மட்டும் ஆள் கரைந்துகொண்டே இருந்தால் காரணத்தைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சில மாதங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். ஹோலி நேரம் வேறு. திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் நிரம்பியது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த மாத எண்ணை வைத்து ஒரு சூப்பர்வைசரைத் திட்டுவது அநியாயம். அடுத்த ஆண்டு மார்ச்சில் "குறைத்துவிட்டோம்" என்று பெருமைப்படுவதும் அப்படித்தான்.

3. காரணத்தை எங்கே தேடுவது

போகிறவரிடம் நேரே கேட்டால் "ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்பார். பாக்கிக் கூலி கைக்கு வரும்வரை யாரும் உண்மைக் காரணத்தைச் சொல்லப்போவதில்லை, அதில் தப்பும் இல்லை. கணக்குத் தீர்த்து மூன்று வாரம் கழித்து, அவர் மொழி பேசுகிற, அவருடைய லைனுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் போன் செய்து கேட்கட்டும். ஒரே ரூமில் தங்கியிருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதைவிட நேர்மையான சாட்சி சம்பளப் பட்டியல். போனவரின் கடைசி மூன்று வாரக் கூலியை அதே லைனில் மற்றவர்கள் வாங்கியதோடு ஒப்பிடுங்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், புதியவருக்குக் கை ஓடாது. பழைய டைலர் வாங்குவதில் பாதிகூட வராத வாரங்கள் இருக்கும். வேலைக்குக் கூட்டிவந்த புரோக்கர் சொன்ன தொகை மனதில் இருக்கும். பி.எஃப்.-க்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ.-க்கு 0.75 சதவீதம், மெஸ், ரூம் வாடகை எல்லாம் போக முதல் சனிக்கிழமை கையில் விழும் நோட்டைப் பார்த்ததுமே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அவர் உடம்பு இன்னும் இரண்டு வாரம் மெஷினில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

உள்ளூர்ப் பெண்களின் காரணங்கள் வேறு. கம்பெனி வண்டியின் நேரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, இரவு ஒன்றரை ஷிப்ட் ஓட்டச் சொல்வது, சூப்பர்வைசரின் வாய். 50 பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்றும், 10 பேர் இருந்தாலே பாலியல் தொந்தரவுப் புகார்களைக் கேட்க உள் குழு வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இவை போர்டில் மட்டும் இருக்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள். பி.எஃப். பணத்தை எடுக்கவே வேலையை விடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வேலையில் இருந்துகொண்டே முன்பணம் எடுக்கும் வழியை உட்கார்ந்து விளக்கினால் பாதி வேலை முடிந்தது.

காரணங்களை ஆறு ஏழு தலைப்புக்குள் அடக்குங்கள். 'சொந்தக் காரணம்' என்று ஒரு தலைப்பு வைத்தீர்கள் என்றால் எல்லாமே அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும், வைக்காதீர்கள்.

4. இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யாரைப் பற்றியது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எந்தத் தேதிக்குள், எண்ணுவது யார், பொறுப்பு யாருடையது. இந்த ஐந்தும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். "தொழிலாளர் நலனை மேம்படுத்தி வெளியேற்றத்தைக் கணிசமாகக் குறைப்பது" என்பது ஆர்டர் தந்துவிட்டு ஆடிட்டுக்கு வரும் பையருக்குக் காட்டும் வாக்கியம். வேலைக்கு ஆகும் வாக்கியம் இப்படி இருக்கும்:

"ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை தையல் பிரிவில் புதிதாகச் சேரும் டைலர், கைமடி (டைலரின் உதவியாள்) ஆட்களில் 90-ஆம் நாள் வேலையில் இருப்பவர்கள் 36 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக வேண்டும். வருகைப் பதிவிலிருந்து எண்ணுவது ஹெச்.ஆர். பொறுப்பு தையல் மேனேஜர். முடிவு பார்க்கும் நாள் செப்டம்பர் 28."

செப்டம்பர் 28 என்பதைக் கவனித்தீர்களா? ஜூன் 30 அன்று சேர்ந்தவருக்கு அன்றைக்குத்தான் 90 நாள் முடிகிறது. பலர் ஜூன் கடைசியிலேயே கணக்குப் பார்த்து, சேர்ந்து பத்து நாள் ஆனவரையும் 'தங்கியவர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது கணக்கே இல்லை.

முக்கிய இலக்கு ஒன்றே போதும். சின்ன யூனிட்டில் இரண்டாவது இலக்கு வைத்தாலே முதல் இலக்கை மறந்துவிடுவார்கள்.

5. எவ்வளவு பெரிய எண்?

உங்கள் சொந்தப் பழைய எண்தான் அளவுகோல். யாரோ ஒரு பெரிய கம்பெனியின் விகிதமோ, ஐ.டி. துறையின் விகிதமோ உங்களுக்கு எதையும் சொல்லாது. போன நான்கு காலாண்டில் எதில் எண் நன்றாக இருந்தது என்று பாருங்கள். அந்த நல்ல காலாண்டு அளவுக்கு எல்லாக் காலாண்டையும் கொண்டுவருவது முதல் இலக்காக இருக்கட்டும். மேலே சொன்ன 200 பேர் கம்பெனியில் 40-லிருந்து ஒரேயடியாக 60-க்குத் தாவ வேண்டாம். முதலில் 50. அதற்கே ஆண்டு ஆள்சேர்ப்பு 180-லிருந்து 144 ஆகக் குறையும்.

ஒரேயடியாகக் குறைந்த கதையும் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனியின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் 1913-இல் வெளியேற்ற விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார். விகிதம் மளமளவென்று சரிந்தது. கூலியையும் நேரத்தையும் தொடுகிற கம்பெனி பெரிய எண்ணை இலக்காக வைக்கலாம். அந்த இரண்டையும் தொடாமல் பொங்கல் கோலப்போட்டி மட்டும் நடத்தப்போகிறீர்கள் என்றால் எண்ணும் அதற்குத் தகுந்தபடி சின்னதாக இருக்கட்டும்.

இன்னொன்று. மாதத்துக்கு எட்டுப் பேர் சேரும் யூனிட்டில் ஒரே ஒருவர் போனால் 12.5 சதவீதம் விழும். அது விகிதம் இல்லை, தற்செயல். அப்படிப்பட்ட இடத்தில் சதவீதத்தை விட்டுவிட்டு ஆள் எண்ணிக்கையில் பேசுங்கள்: "சேருகிற 24 பேரில் 12 பேர் தங்க வேண்டும்." மூன்று மாதத்தைச் சேர்த்தே பாருங்கள்.

6. சனிக்கிழமை தோறும் பார்க்கும் எண்கள்

90 நாள் எண் வர ஆறு மாதம் ஆகும். அதுவரை கைகட்டி உட்கார முடியாது. கீழே உள்ளவற்றிலிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

• முதல் மூன்று சம்பளத்தில், சேரும்போது எழுதிக் காட்டிய தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒத்துப்போன புதியவர்கள் எத்தனை பேர். இலக்கு: எல்லோரும்.
• சனிக்கிழமை வந்த கூலிக் கணக்குப் புகாரில் செவ்வாய்க்கிழமைக்குள் தீர்ந்தவை எத்தனை.
• ஹெல்பராகச் சேர்ந்தவர் எத்தனையாவது நாள் மெஷினில் உட்கார்ந்தார். 45 நாள் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள்.
• முதல் 30 நாளில் தகவல் இல்லாமல் இரண்டாவது முறை லீவு போட்டவர்களில் எத்தனை பேரிடம் அன்றே பேசினோம்.
• 30-ஆம் நாளில் இருப்பவர்கள் எத்தனை பேர்.

முதல் எண்தான் எனக்குப் பிடித்தது. இதற்குப் பெரிய செலவில்லை. சேரும் நாளிலேயே இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு தாளில் "வாரக் கூலி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, கைக்கு இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். கை ஓடும்வரை, அதாவது முதல் ஆறு வாரம், பீஸ் ரேட்டில் எவ்வளவு குறைந்தாலும் ஷிப்ட் சம்பளம் கண்டிப்பாக உண்டு என்றும் உறுதி கொடுத்துப் பாருங்கள்.

7. பண்டிகைக்கென்று தனிக் கணக்கு

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு போகிற கூட்டம்தான் இந்தத் தொழிலின் ஆண்டுத் தலைவலி. பீகார்க்காரர்களுக்கு தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை; அதற்கு முன்னால் திரும்பி வா என்று சொல்வதில் அர்த்தமில்லை. தென் மாவட்டத்துக்காரர்களுக்குப் பொங்கல். ஆகவே எல்லோருக்கும் ஒரே தேதி வைக்காமல், ஊர்வாரியாகத் திரும்பும் தேதியைக் கேட்டு எழுதி, "சொன்ன தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் திரும்பியவர்கள் இத்தனை சதவீதம்" என்பதை இலக்காக வையுங்கள்.

இதில் பலன் தருவது திரும்பும் டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. சட் முடிந்து தன்பாத் – ஆலப்புழா எக்ஸ்பிரஸில் இடம் வேண்டுமென்றால் அந்த நாளைக் காலண்டரில் குறித்து ஆபீஸிலிருந்தே போட்டுக் கொடுங்கள். ஜெனரல் பெட்டியில் இரண்டு நாள் நின்றுகொண்டே வர வேண்டும் என்றால் யாருக்கும் இன்னும் ஒரு வாரம் ஊரில் இருக்கத்தான் தோன்றும். டிக்கெட் கொடுத்தவர்களில் எத்தனை பேர், கொடுக்காதவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஒரு வருடம் எண்ணுங்கள். அடுத்த வருடம் முதலாளியிடம் வாதாட வேண்டியிருக்காது.

போனஸைப் பிடித்து வைப்பது வேறு விஷயம். கணக்காண்டில் 30 நாள் வேலை பார்த்தவருக்கும் போனஸ் உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். "திரும்பி வந்தால் பாதி தருகிறேன்" என்பது கடன் சொல்வது.

8. எண்ணை ஏமாற்றும் வழிகள், எண்ணுக்காகச் செய்யக்கூடாதவை

சூப்பர்வைசரின் இன்சென்டிவை இந்த எண்ணோடு கட்டினால், போனவரின் பெயர் ரிஜிஸ்டரில் உயிரோடு இருக்கும். 91-ஆம் நாள் கொத்தாகப் பெயர் அடிபடும். அதனால் எண்ணுகிறவரும் பொறுப்பாளரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. 91 முதல் 120 நாளுக்குள் போனவர்களையும் ஒரு ஓரமாக எண்ணி வையுங்கள். அங்கே திடீரென்று எண் ஏறினால் நீங்கள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், குறைக்கவில்லை.

இதைவிட மோசமானது ஆளைப் பூட்டி வைத்து எண்ணைக் குறைப்பது. ஆதாரை வாங்கி வைத்துக்கொள்வது, இரண்டு வாரக் கூலியை நிலுவையில் வைப்பது, ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவது. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று ஆண்டு வேலை முடித்தால் மொத்தத் தொகை என்று சொல்லிச் சேர்த்த 'சுமங்கலித் திட்டம்' கொத்தடிமை முறை என்ற பழியில் போய் நின்றது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லிருந்தே இருக்கிறது. காகிதத்தில் வெளியேற்றம் குறைவாகத் தெரியும். பையரின் ஆடிட்டர் வரும் நாளில் ஆர்டரே வெளியேறிவிடும். ஆகவே இலக்கு வாக்கியத்தின் கீழேயே இன்னொரு வரியும் எழுதுங்கள்: "போக விரும்புகிறவரின் பாக்கிக் கூலி இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கப்படும்." நல்லபடியாகக் கணக்குத் தீர்த்துப் போனவர்தான் 'மறுவரவு' கட்டத்தில் திரும்பத் தென்படுவார். அவருக்குப் பயிற்சிச் செலவும் இல்லை.

9. எப்போது பார்ப்பது, எப்போது மாற்றுவது

சனிக்கிழமை சம்பளம் போடும் முன் கால் மணி நேரம்: வாரந்தோறும் பார்க்கும் அந்த மூன்று எண்கள், பிரச்சினையான ஆட்களின் பெயர்கள். மாதம் ஒருமுறை முதலாளியோடு: 30-ஆம் நாள் எண், காரணத் தலைப்புகள், லைன்வாரிக் கணக்கு. காலாண்டுக்கு ஒருமுறை 90 நாள் முடிவு. கூட்டத்துக்கு பிரசன்டேஷன் எல்லாம் வேண்டாம், ஒரு பக்கத் தாள் போதும்.

வார எண்கள் நன்றாக இருந்தும் 90 நாள் எண் அசையவில்லை என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த காரணம் தவறு. மேலே மூன்றாம் பகுதிக்குத் திரும்புங்கள். வார எண்களே மோசம் என்றால் காரணத்தை மாற்றாதீர்கள், சொன்னதை இன்னும் செய்யவில்லை என்றுதான் பொருள். அக்கம்பக்கத்தில் கூலி ஏறியதால் எண் விழுந்தது என்றால் அதைத் தாளில் எழுதி முதலாளி முன் வையுங்கள்; இலக்கை இறக்குவதா, ரேட்டை ஏற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். நடுவில் ஓசைப்படாமல் இலக்கு எண்ணைத் திருத்துவது மட்டும் கூடாது.

90 நாள் எண் இரண்டு காலாண்டு தொடர்ந்து இலக்கைத் தொட்டால், அடுத்ததாக ஒரு வருடம் தாண்டியும் போன அந்த 45 பேரை எடுங்கள். அவர்களில் பாதிப் பேர் கை நன்றாக ஓடும் பேட்லாக் (ஃபிளாட்லாக் தையல் மெஷின்) டைலர்களாகவும் கட்டிங் மாஸ்டர்களாகவும் இருப்பார்கள். அவர்களுக்கான காரணப் பட்டியலை முதலிலிருந்து புதிதாகப் போட வேண்டும்.